அக்கரைக்குப் போகுமுன்

உறவினர் வீட்டுக்குச் செல்லும்போது வெறுங்கையோடு போகலாகாது என்பது நம்மவர் வழக்கம். ஒரு சீப்புக் கதலியோ, ஒரு பெட்டி பனாட்டோ கையிலிருந்தாற்றான் வாசலில் கால் வைக்க மனம் வரும். ஆயின், எதைக் கொண்டு போவது என்று சிந்திக்கும் அளவுக்கு, எதற்காகப் போகிறோம் என்று நாம் சிந்திப்பதில்லை. கடல் கடந்து ஊழியப் பயணம் செல்ல விரும்புவோர் முதலில் விடை காணவேண்டிய கேள்வி இதுவே.

எங்கள் சபை வாலிபர் சங்கத்தார், தமிழகத்தின் இராமநாதபுரக் கரையோரத்திலுள்ள ஒரு சிற்றூருக்குப் பத்து நாட் பயணம் போவதெனத் தீர்மானித்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் ஏற்பாட்டுக் குழுவில் எனக்கும் ஓரிடம் கிடைத்தது. ஆறு மாதமாக நடந்துவரும் கூட்டங்களில் நான் கண்டவையும் கேட்டவையும், இத்தகைய முயற்சியில் இறங்கும் பிறருக்கும் பயன்படக்கூடுமென்று எண்ணி இதனை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தாருக்கு மிஷன் பயணம் புதியதன்று. 1815 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூபரிப்போட் துறையில் 'திரையாட்' என்னும் பாய்க்கப்பலேறிய ஒரு சிறு கூட்டத்தார், 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கிப் பின்னர் தெல்லிப்பழையை அடைந்தனர். கடலிலே மட்டும் ஐந்து மாதம்! அவர்களுள் வாரன் என்பவர் இரண்டே ஆண்டுகளில் நோயால் மாண்டார். 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824-இல் உடுவில் மகளிர் பாடசாலையும் எழுந்தது இவர்கள் முயற்சியாலேயாம். 1847-இல் வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் இருந்து, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வந்தவர்கள் நம் மொழியைக் கற்றனர்; பல்லாண்டு தங்கினர். பத்து நாளிற் திரும்பிவிடும் நாம் அவர்களோடு நம்மை ஒப்பிடுதல் பொருந்தாது. இதை எங்கள் இளைஞர்க்கு முதற் கூட்டத்திலேயே சொல்லிவைத்தேன்.

ஆயினும் அவர்கள் நெஞ்சிற் பதித்துக்கொள்ளத்தக்க வேறொரு கதை உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து மாணவர்கள் தமக்கென ஒரு வெளிநாட்டு மிஷன் சங்கம் அமைத்து, பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தொண்டிக்குத் தம் ஊழியரை அனுப்பினர். 1902-இல் இங்கு வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைக் கண்டு வியந்தார். சின்னஞ்சிறு யாழ்ப்பாணம் செய்வதைத் திருநெல்வேலி செய்யலாகாதா என்ற எண்ணம் அவருள்ளத்தில் எழுந்தது. மறுவருடம், 1903-இல், இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அசரியாவோ பின்னர் தெலுங்கு கற்றுத் தோர்ணக்கல் சென்று, 1912-இல் அங்கு முதற் பேராயரானார். நம் பிள்ளைகள் கடலுக்கு அப்பால் ஏற்றிய சிறு விளக்கிலிருந்து ஒரு பெருந்தீபம் ஏற்றப்பட்டது என்பதில் ஐயமில்லை.

இனி, எங்கள் கூட்டங்களுக்கு வருவோம்.

முதற் சிக்கல் விசா. உல்லாசப் பயண விசாவிற் சென்று மதப் பிரசாரம் செய்வதற்கு இந்தியச் சட்டம் இடந்தருவதில்லை. மிஷனரிகளுக்கென்று தனி விசா வகை உண்டு. "ஆர் சேர் அங்கை வந்து பாக்கப்போகினம்?" என்று கேட்டான் ஒரு தம்பி. எங்கள் போதகர் சிரித்துக்கொண்டே, "பொய் சொல்லி உள்ளை போய், அங்கை என்ன மெய்யைத் தம்பி சொல்லப்போறாய்?" என்றார். அன்றே பிரசங்கங்களும் துண்டுப் பிரசுரங்களும் எங்கள் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீங்கின. விருந்தினராய்ப் போவோம், விருந்தினராய் நடப்போம் என்று முடிவாயிற்று.

பயண வழி அடுத்தது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பற் சேவை, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கடலில் நான்கு மணி நேரமளவே. ஆனால் வாடைக் காலத்துக் கடலை நம்பி நாள் குறித்தல் அறிவுடைமையாகாது. ஆகவே மாரிக்கு முன்பாகவே நாள் வைத்து, இரண்டு நாளை மிகையாகவும் ஒதுக்கிக்கொண்டோம்.

பின்னர்தான் உண்மையான வாதம் தொடங்கியது. அங்கு போய்ச் செய்வதென்ன? இளைஞர்கள் நீண்டதொரு பட்டியலை வைத்திருந்தனர். கோயிற் சுவருக்கு வர்ணம் பூசுதல், சிறுவர்க்கு விளையாட்டு, உடுப்புப் பொதிகள் வழங்கல் எனப் பலவும் அதில் இருந்தன. எல்லாம் நல்ல எண்ணமே. ஆனால் அங்குள்ளவர்கள் இவற்றுள் எதையாவது கேட்டார்களா? "பட்டியலை ஒருபுறம் வையுங்கள், முதலில் அவர்களிடம் கேளுங்கள்" என்றேன். அவ்வூர்ச் சபை மூப்பரோடு தொலைபேசியிற் பேசினோம். அவர் சொன்னது இது: "வர்ணம் அடிக்க இங்கேயே ஆளுங்க இருக்காங்க ஐயா. அவங்க கூலியை நீங்க கெடுத்துடாதீங்க. வந்து எங்க வீட்டுல தங்குங்க, எங்க பிள்ளைகளோட பேசுங்க. கடல் விஷயமா ரெண்டு கரைக்காரங்களும் ஒரு நாள் ஒண்ணா உட்காரணும். அதுதான் எங்களுக்கு வேணும்."

கடல் விஷயம்! வாசகர் அறிவர். அக்கரையின் இழுவைப் படகுகள் நம் கடலுக்குள் வந்து அடிமடி வாரிச் செல்வதும், நம் சிறு தொழிலாளரின் வலைகள் அறுபடுவதும் நெடுநாட் துயரம். 2017-இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தாற் தடைசெய்தது. மறுபுறம், எல்லை தாண்டியதற்காகப் பிடிபட்டுச் சிறையிலிருக்கும் கணவனுக்காகவும் மகனுக்காகவும் அக்கரையில் பெண்கள் காத்திருக்கின்றனர்.

எங்கள் குழுவில் ஒரு மீனவர் மகன் இருக்கிறான், கெட்டிக்காரன், அமைதியானவன். மூப்பரின் விடையைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. "எங்கடை அப்பான்ரை வலையை ரண்டுதரம் அறுத்துக்கொண்டு போன ஆக்களின்ரை வீட்டிலையோ சேர் நான் படுக்கிறது?" என்றான். எவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடையாகச் சொல்ல என்னிடமும் எதுவுமில்லை.

அடுத்த கூட்டத்துக்கு, அழையாமலே அவனுடைய தகப்பனார் வந்தார். வாசலோரத்து வாங்கில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், இறுதியில் எழுந்து சொன்னார்: "இவனைக் கூட்டிக்கொண்டு போங்கோ மாஸ்ரர். அங்கையும் கூலிக்குக் கடலுக்குப் போற பெடியள்தானே வாறது, படகுக்காரன் வேறை. ஆனால் வலை அறுந்ததை இவன் மறைக்காமல் சொல்லவேணும். சொல்லாமல் சிரிச்சுக் கதைச்சுப்போட்டு வாறதெண்டால், போகத் தேவையில்லை."

அன்பு என்பது நடந்ததை மூடிவிட்டு இனிக்க இனிக்கப் பேசுவதன்று என்பதை, நாங்கள் ஆறு மாதம் பேசியும் இத்துணைத் தெளிவாகச் சொன்னோமில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆயத்தமே வேறாயிற்று. மீனவர் வீடுகளுக்குப் போய், இழந்த வலை எத்தனை, பட்ட கடன் எவ்வளவு என்று இளைஞர்கள் கேட்டு எழுதுகின்றனர். அங்கு போனதும் அவ்வாறே அவர்கள் பாடுகளையும் கேட்டு எழுதிக்கொள்வர். இரண்டு கரையின் வழக்கையும் எட்டு இளைஞர் தீர்த்துவிட முடியாது. அதை அவர்களும் அறிவர். ஆனால் கேட்டவன் நெஞ்சில் அது தங்கும்.

எட்டுப் பேர் என்றேன். முதலிற் பன்னிருவர் போவதாக இருந்தது. செலவைக் கூட்டிப் பார்த்தபோது, "இந்தப் பணத்தை அப்படியே அனுப்பிவிட்டால் என்ன?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பணம் அனுப்பினால் பணம் போகும். மனிதர் முகம் பார்க்கமாட்டார் என்பது எங்கள் விடை. எனினும் அக்கேள்விக்கு மதிப்பளித்து நால்வரைக் குறைத்தோம். மிஞ்சிய தொகையை வேறொரு பெட்டியில் வைத்திருக்கிறோம். அடுத்த வருடம் அக்கரையார் நால்வர் இங்கு வந்து நம் வீடுகளிற் தங்குவதற்கு அது உதவும். ஒருபுறம் மட்டுமே போவதும் கொடுப்பதுமாயின் அது உறவாகாதன்றோ?

வசதி குறைந்த பிள்ளைகளுக்காக நம் பாட்டிமாரின் பிடியரிசி வழக்கத்தைப் புதுப்பித்தோம். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி தனிப் பானைக்கு; மாத முடிவில் அது சங்கத்துக்கு. எவர் பங்கு எவ்வளவு என்பது எவருக்குந் தெரியாது.

அந்த மீனவர் மகன் இன்னும் வருகிறேன் என்று வாயாற் சொல்லவில்லை. ஆனால் சென்ற வாரம் கடவுச் சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டானென்று அறிந்தேன். வெளியூர்ப் பயணத்துக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞர்களே, பெட்டி கட்டுமுன் அவர்களிடம் கேளுங்கள். சொல்ல வேண்டிய உண்மையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் திரும்பி வரும்போது விரிப்பதற்கு வீட்டில் ஒரு பாயையும் எடுத்து வையுங்கள்.