உப்பு போடாத கருவாடு... 600 ஆண்டுகளாக மறக்காத இத்தாலி! - நார்வேயின் ரோஸ்ட் தீவுக் கதை

ஊர் மொத்தத்தையும் கல்யாணத்துக்கு அழைத்தாலும் ஒரே மண்டபத்தில் அடங்கிவிடுவார்கள். நார்வேயின் ரோஸ்ட் தீவில் வசிப்பவர்கள் ஏறத்தாழ 500 பேர்தான். ஆனாலும் 1928-லிருந்து அவர்களுக்கென்று தனி உள்ளாட்சி இருக்கிறது. மேயர் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, குட்டி விமானம் இறங்க ஓடுதளமும் உண்டு. இவ்வளவுக்கும் படியளப்பது ஒரே ஒரு மீன்!

நாளுக்கொரு தீவு

நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி இருக்கிறது லோஃபோட்டன் தீவுக்கூட்டம். அதன் கடைசி நுனிதான் ரோஸ்ட். பூடோ நகரத்திலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் கடலைக் கடந்தால்தான் கரை தட்டும். மொத்தம் 365 தீவுகள், நாளுக்கொன்று என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெரும்பாலானவை வெறும் பாறைத் திட்டுகள். மக்கள் வசிக்கும் ரோஸ்ட்லாண்டெட் தீவு தட்டைபோல் சமதளம். அங்கே மிக உயரமான இடமே சுமார் 12 மீட்டர்தான். அதற்குத் தென்மேற்கே, கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன ஆளில்லாத மலைத் தீவுகள். அவை கடற்பறவைகளின் ராஜ்ஜியம்.

டிசம்பரில் சில வாரங்கள் சூரியன் தலைகாட்டாது. ஜூனில் நள்ளிரவிலும் மறையாது. இவ்வளவு வடக்கே இருந்தும், அட்லான்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் குளிர்காலச் சராசரி வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ரோஸ்ட்டின் சொத்தே இந்த வானிலைதான். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கரை ஒதுங்கிய வணிகர்

1431 ஏப்ரல். வெனிஸ் வணிகர் பியத்ரோ குவெரினியின் கப்பல், ஒயினும் மசாலாப் பொருட்களும் ஏற்றிக்கொண்டு கிரீட் தீவிலிருந்து பெல்ஜியம் பக்கம் கிளம்பியது. கப்பலில் 68 பேர். புயலில் சுக்கான் உடைந்து, காற்று இழுத்த இழுப்புக்கெல்லாம் கப்பல் வடக்கே போனது. டிசம்பரில் அதைக் கைவிட்டு இரண்டு படகுகளில் ஏறினார்கள். ஒரு படகு என்ன ஆனது என்றே தெரியவில்லை. இன்னொன்று 1432 ஜனவரியில் ரோஸ்ட் அருகே ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கியது. பனியைத் தின்று, கடல் சிப்பிகளைப் பொறுக்கிச் சாப்பிட்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை, ஒரு மாதம் கழித்து ரோஸ்ட் மீனவர்கள் கண்டுபிடித்தார்கள். மிஞ்சியவர்கள் 11 பேர்.

மொழி தெரியாத அந்த அந்நியர்களை மீனவர்கள் தங்கள் வீடுகளிலேயே வைத்து, மூன்று மாதங்களுக்கும் மேலாகச் சோறு போட்டார்கள். அப்போது தீவில் இருந்தவர்களே சுமார் 120 பேர்தான். ஊர் திரும்பிய குவெரினி, அவர்களின் வாழ்க்கையை விரிவாக எழுதிவைத்தார். உப்பே போடாமல் காற்றில் மட்டும் காயவைத்த மீனை அவர்கள் உண்டதையும், பணத்துக்குப் பதிலாக அந்த மீனே கைமாறியதையும் குறித்திருக்கிறார். இந்த மீனை வெனிஸ் பகுதிக்கு அறிமுகம் செய்தவர் அவர்தான் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. நார்வேயின் உலர்மீன் வணிகம் என்னவோ அவருக்கும் முந்தையது.

காற்றே உப்பு

அந்த மீன் வேறொன்றுமில்லை, காட் லிவர் ஆயில் தருகிறதே, அதே காட் மீன்தான். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பேரண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிடுவதற்காகக் கூட்டம் கூட்டமாக லோஃபோட்டன் பக்கம் வருகிறது. தலையை வெட்டி, குடலை நீக்கி, வால் பக்கம் இரண்டிரண்டாகக் கட்டி, பெரிய மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். சுமார் மூன்று மாதம் காற்றில் காய்ந்தபின், கிடங்குக்குள்ளும் சில மாதம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ மீன் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். பலகைபோல் கடினமான இந்தக் கருவாடு ஆண்டுக்கணக்கில் கெடாது.

வெட்டிய தலைகூட வீணாவதில்லை. அதுவும் காய்ந்து, சூப்புக்காக நைஜீரியாவுக்குக் கப்பலேறுகிறது. லோஃபோட்டன் பகுதியில் மீன் நாக்கை அறுத்தெடுத்து விற்பது காலங்காலமாகச் சிறுவர்களின் வேலை. கிடைக்கும் காசு அவர்களுக்கே!

இதில் வானிலை ஒத்துழைக்க வேண்டும். கடுங்குளிர் அடித்தால் மீன் உறைந்து சதை கெட்டுவிடும். சூடு ஏறினால் ஈ மொய்க்கும். பூஜ்யத்துக்குச் சற்று மேலே நிற்கும் குளிரும் ஓயாத கடற்காற்றும்தான் பக்குவம். ரோஸ்ட்டில் இரண்டும் இயற்கையாகவே அமைந்திருக்கின்றன. லோஃபோட்டன் உலர்மீனுக்கு 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது.

பறவைகள் சொல்லும் சேதி

ஆனால், கடல் மாறிக்கொண்டிருக்கிறது. வண்ண அலகு கொண்ட பஃபின் பறவைகள் 1979-ல் இங்கே சுமார் 14 லட்சம் ஜோடிகள் இருந்தன. இன்று அதில் கால்வாசிகூட இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்ட வேண்டிய ஹெர்ரிங் மீன்குஞ்சுகள் பல ஆண்டுகளில் போதிய அளவு வருவதில்லை. பட்டினியில் குஞ்சுகள் மடிகின்றன.

காட் மீனும் குறைகிறது. நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து பேரண்ட்ஸ் கடல் காட் மீனுக்கு ஆண்டுதோறும் பிடி அளவை நிர்ணயிக்கின்றன. 2021-ல் சுமார் 8.85 லட்சம் டன்னாக இருந்த அளவு, 2025-ல் 3.4 லட்சம் டன்னாக இறங்கிவிட்டது. வேறு தொழில் அதிகம் இல்லாத ஊருக்கு இது சாதாரண அடியல்ல. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மேலே படிக்கத் தீவை விட்டுக் கிளம்பியாக வேண்டும். போனவர்கள் திரும்பி வர, இங்கே ஒரு வேலை காத்திருக்க வேண்டும் அல்லவா? இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 600-ஐத் தாண்டியிருந்த மக்கள்தொகை, மெல்ல மெல்லக் கரைந்துவருகிறது.

மறக்காத ஊர்

இத்தாலியின் விச்சென்சா அருகே சாந்த்ரீகோ என்றொரு சிற்றூர். ரோஸ்ட்டின் சகோதர நகரம் அது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அங்கே உலர்மீன் திருவிழா களைகட்டும். பாலும் ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் சேர்த்து, சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவைத்த மீனை, சோளமாவுக் களியோடு பரிமாறுவார்கள். ரோஸ்ட் மக்களும் சும்மா இல்லை. 2012-ல் குவெரினியின் கதையைத் தங்கள் தீவிலேயே ஓபராவாக மேடையேற்றினார்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ரோஸ்ட் மீனவர்கள் போட்டதோ உப்பே இல்லாத மீன். அதற்கே ஆறு நூற்றாண்டுகளாக நன்றி சொல்கிறது ஒரு தூரத்து ஊர். அந்த நன்றியைக் கேட்க அடுத்த தலைமுறையும் தீவில் இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த மீன் தவறாமல் வந்தாக வேண்டும்.