அடுப்புக்கும் மூச்சு வேண்டும்!

பனமரத்துப்பட்டியில் வீட்டைச் சூடாக்க அடுப்பு எதற்கு? சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், மனுஷன் அப்பளமாகி விடுவான். ஆனால், மார்கழி விடியற்காலை விஷயமே வேறு. ஜருகுமலைப் பக்கமிருந்து வரும் ஊதக்காற்றில் அரளி மொட்டுப் பறித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு அண்டா வெந்நீர் ஆடம்பரமல்ல... அத்தியாவசியம்!

சேலத்துக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, சேலத்தின் தாகம் தீர்க்க 1911-ல் கட்டிய ஏரி. (மேட்டூர் அணையைக் கட்டி முடித்தது 1934-ல். ஆக, சீனியாரிட்டி நம்ம ஏரிக்குத்தான்!) இரண்டாவது, அரளிப்பூ. மூன்றாவதாக நான் சேர்ப்பது, ஒரு வீட்டுக் கொல்லையில் பார்த்த மரத்தூள் அடுப்பு.

பழைய பெயின்ட் டின். அடிப்பக்கம் ஒரு ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டு இடிக்கிறார்கள். பிறகு இரண்டையும் உருவினால், உள்ளே 'ட' எழுத்து மாதிரி ஒரு சுரங்கம். கீழே பற்ற வைத்தால் மணிக்கணக்கில் எரிகிறது.

"ரொம்ப இடிச்சா மூச்சு முட்டும் தம்பி. இடிக்காம வுட்டா பொலபொலன்னு சரிஞ்சிரும்" என்றார் வீட்டுக்கார அம்மா. தீ அதிகமானால் ஓட்டைக்குள் கட்டையைக் கொஞ்சம் தள்ளுகிறார். குறைந்தால் வெளியே இழுக்கிறார். ரெகுலேட்டர் அவ்வளவுதான்!

பி.காம். மூளை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். நன்றாகக் காய்ந்த மரம் ஒரு கிலோவுக்கு 4,000 கிலோ கலோரிக்கு மேல் சூடு வரவு. தூளில் ஈரமிருந்தால், அதிலுள்ள ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்கவே 540 கிலோ கலோரி செலவு. காற்று குறைந்தால், எரிய வேண்டிய வாயு புகையாய்ப் போகிறது. அது வாராக்கடன். காற்று அதிகமானால், சூடு அண்டாவைத் தொடாமல் ஓடுகிறது. அது வீண்செலவு.

குளிர் நாடுகளில் இதே மரத்தூளை, ஈரம் பத்து சதவிகிதத்துக்குள் வரும்படி காயவைத்து, அழுத்தி, குட்டிக் குட்டிக் குச்சிகளாக்கி 'பெல்லட்' என்கிறார்கள். மோட்டார் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட, விசிறி காற்று ஊத, வீடே கதகதப்பு. அங்கும் சூட்சுமம் நம்ம அம்மாவுடையதுதான். தீ மந்தமாக ஆடி, அடுப்புக் கண்ணாடியில் கரி படிந்தால் காற்றைக் கூட்டு. துண்டுகள் எகிறிக் குதித்தால் குறை.

நம் நாட்டிலும் 2006-ல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நுட்பத்தில் 'ஊர்ஜா' என்ற பெல்லட் அடுப்பு வந்தது. உள்ளே விசிறி உண்டு. லட்சக்கணக்கில் விற்றது. அப்புறம் பெல்லட் விலை ஏற, பலர் அடுப்பைக் கைவிட்டார்கள். அடுப்பு ஒழுங்காக எரிந்தால் மட்டும் போதாது, பட்ஜெட்டும் எரியாமல் இருக்க வேண்டும்!

சரி, அந்த வாராக்கடனை யார் கட்டுகிறார்கள்? அடுப்பு முன்னால் உட்காருகிறவர்தான். அடுப்பும் விளக்கும் வீட்டுக்குள் உண்டாக்கும் மாசினால் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே ஜப்திக்குப் போவது நகை, நட்டு அல்ல... நுரையீரல்.

அடுப்பை ஏன் கொல்லையில் வைத்திருக்கிறீர்கள் என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"உள்ள வெச்சா தண்ணி மட்டுமா காயும்? கண்ணுமில்ல எரியும்!"

ஊருக்குப் போய், சுடச்சுட வெந்நீர் விளாவிக் குளிக்கிற சார்களே! அடுத்த தடவை கொல்லைப்பக்கமும் எட்டிப் பாருங்கள். அடுப்பு புகைந்தால், குனிந்து ஊதச் சொல்லாமல், ஓட்டையை அடைத்திருக்கும் சாம்பலைத் தட்டி விடுங்கள். மீதித் தூளை முற்றத்தில் பரப்பிக் காயப் போடுங்கள்.

வெயிலுக்கா நம்ம ஊரில் பஞ்சம்?