புதிய நீர்

திருநெல்வேலிக்கு அருகே ஒரு சிற்றூரில் எங்கள் ஆச்சியின் வீடு இருந்தது. அவ்வீட்டுக் கிணற்றில் மீன்கள் உண்டு. கொசுப்புழுக்களைத் தின்னட்டும் என்று முன்னோர் விட்டவை அவை. நீர் இறைக்கும்போது தப்பித்தவறி ஒரு மீன் வாளியில் வந்துவிட்டால், ஆச்சி அதை மீண்டும் கிணற்றில் விட்டுவிடுவார். நீர் இருந்தால் மீன் வாழும். அந்நாளில் மீனைப் பற்றி நான் அறிந்திருந்தது அவ்வளவே.

அப்பாவுக்குப் பணிமாற்றம் கிடைத்ததால் நாங்கள் தில்லிக்குக் குடிபெயர்ந்தோம். நான் அப்போது ஆறாம் வகுப்பு மாணவன். வகுப்பில் பிறர் பேசும் இந்தி எனக்கு விரைவில் விளங்கவில்லை. ஆறு மாதங்கள் கடந்தும் நண்பன் என்று சொல்லிக்கொள்ள எவரும் அமையவில்லை. என் வாட்டத்தைக் கண்ட அப்பா, சனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என்னைப் பழைய தில்லிக்கு அழைத்துச் சென்றார். இரண்டு தங்கமீன்களையும் ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தையும் வாங்கித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பொறுமை இல்லை. கிண்ணத்தில் குழாய் நீரை நிரப்பினேன். பையின் முடிச்சை அவிழ்த்து மீன்களை அப்படியே அதில் கவிழ்த்தேன். நானும் தம்பியும் கண்ணாடியைத் தட்டித் தட்டி அவற்றை அழைத்தோம். மாலையில் அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி போலும் என்று எண்ணி உணவை அள்ளிப் போட்டேன். மறுநாள் காலையில் இரண்டும் இறந்து மிதந்தன.

“நான்தான் கொன்றுவிட்டேனா, அப்பா?” என்று கேட்டேன்.

அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தெரியாமல் செய்துவிட்டாய். ஆனால், தெரிந்துகொள்ளாமல் இன்னொரு மீனை நாம் வாங்கக் கூடாது” என்றார்.

அடுத்த ஞாயிறு மீண்டும் அதே கடைக்குச் சென்றோம். கடைக்காரப் பெரியவர் நடந்ததைக் கேட்டார். கோபிக்கவில்லை. அவர் இந்தியில் சொல்லச் சொல்ல, அப்பா எனக்குத் தமிழில் விளக்கினார்.

நகரத்துக் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்வதற்காகக் குளோரின் கலக்கிறார்கள். நாம் நோயின்றிக் குடிப்பதற்கு அது தேவை. ஆனால், மீன் அந்நீரைச் செவுள்களின் வழியே செலுத்தியே சுவாசிக்கிறது. மெல்லிய செவுள்களைக் குளோரின் புண்ணாக்கிவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தது பசியால் அன்று, மூச்சுத் திணறலால். ஆச்சி வீட்டுக் கிணற்று நீரில் குளோரின் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குளோரினை நீக்குவது அரிய செயல் அன்று. வாய் அகன்ற பாத்திரத்தில் நீரைப் பிடித்து, ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் காற்றோடு போய்விடும். அவசரமாக நீர் வேண்டுமானால், சோடியம் தயோசல்பேட் கலந்த குளோரின் நீக்கி மருந்து கடைகளில் கிடைக்கும். புட்டியில் குறித்துள்ள அளவை மீறாமல் அதைச் சேர்க்க வேண்டும்.

“குளிரையும் மறந்துவிட்டாய்” என்றார் பெரியவர். கடைத்தொட்டியின் நீர் ஒரு வெப்பநிலையில் இருந்தது. தில்லிக் குளிரில் எங்கள் குழாய் நீர் பனிக்கட்டிபோல் இருந்தது. திடீர் மாற்றத்தை மீனின் உடல் தாங்காது. உருண்டைக் கிண்ணமும் தங்கமீனுக்குப் போதாது; அகன்ற தொட்டி வேண்டும் என்றார். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகும். அதை மாற்றும் நல்ல நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, தம் தொட்டியின் வடிகட்டியிலிருந்து பழைய பஞ்சுத் துண்டு ஒன்றை ஈரத்தோடு எடுத்துக் கொடுத்தார். “இதில் அந்த உயிர்கள் குடியிருக்கின்றன. குழாய் நீரில் கழுவிவிடாதே” என்றார். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

இம்முறை தொட்டியையும் பஞ்சையும் முதலில் கொண்டுவந்தோம். முந்தைய நாளே பிடித்து வைத்திருந்த நீரால் தொட்டியை நிரப்பினோம். மாலையில் மீன்கள் வந்தன. பையை அவிழ்க்காமல் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டேன். பின்னர்ப் பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு குவளைத் தொட்டி நீரை அதில் சேர்த்தேன். இறுதியில் மீன்களை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விட்டேன். பையின் நீரைச் செடிக்கு ஊற்றினேன். விளக்கை அணைத்தோம். அன்று உணவிடவில்லை. கண்ணாடியைத் தட்டக் கூடாது என்று தம்பியிடம் உறுதி வாங்கினேன்.

இரண்டு நாள்கள் அவை மூலையில் ஒதுங்கியே இருந்தன. அருகில் செல்லக் கால்கள் துடித்தன, செல்லவில்லை. மூன்றாம் நாள் ஒரு மீன் மெல்ல முன்னே வந்து, நான் இட்ட சிறு உணவைக் கவ்வியது. அன்று பள்ளிக்குச் செல்லும் வழியெல்லாம் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

அம்மகிழ்ச்சியை எவரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அருகில் அமர்ந்திருந்த மாணவனிடம் தட்டுத்தடுமாறி இந்தியில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. தன் வீட்டு மீன்களும் இறந்துபோனதாகச் சொல்லி, காரணம் கேட்டான். குளோரினையும் குளிரையும் எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். அவன் பிழைகளைத் திருத்தினான், நான் தொடர்ந்தேன். தில்லியில் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல்முறை.

மறுநாள் அவன் மீன்களைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். வந்ததும் கண்ணாடியைத் தட்டக் கை ஓங்கினான். நான் அவன் கையைப் பற்றி, “ருக்கோ” என்றேன். பொறு என்று பொருள். இருவரும் சற்றுத் தள்ளி, ஓசையின்றித் தரையில் அமர்ந்தோம். சிறிது நேரத்தில் மீன்கள் தாமாகவே முன்னே வந்தன.

பயிற்சி

1. முதலில் வாங்கிய மீன்கள் இறந்ததற்கான காரணங்கள் யாவை?
2. கிணற்று நீருக்கும் நகரக் குழாய் நீருக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. கடைக்காரப் பெரியவர் பழைய பஞ்சைக் கொடுத்தது ஏன்?
4. நீங்கள் புதிய இடத்துக்குச் சென்ற முதல் நாள்களைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.