பேச்சுக்கு ஏற்ற வேகம்

பயனற்ற பேச்சைக் கண்டிப்பதில் நம் முன்னோர் சளைத்தவர் அல்லர். ‘பயனில சொல்லாமை’ என்று வள்ளுவர் தனியே ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் மனிதர் கூடுகின்ற இடங்களில் எல்லாம் பயனற்றதாகத் தோன்றும் பேச்சுத்தான் மிகுதியாக நடைபெறுகிறது. தக்காளியின் விலை, பிள்ளையின் மதிப்பெண், மேலாளரின் முகச்சுளிப்பு, மாமியாரின் முழங்கால் வலி. இவற்றைப் பேசியதால் தக்காளி மலிந்ததும் இல்லை. மேலாளர் மனம் மாறியதும் இல்லை. பின் ஏன் பேசுகிறோம்? மிதிவண்டி ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நாங்கள் சிலர், பல ஆண்டுகளாகச் சாலையில் பேசிக்கொண்டே சென்று, இவ்வினாவுக்கு ஒரு விடையை ஓரளவு கண்டிருக்கிறோம். அதனை வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாங்கள் திருச்சிராப்பள்ளியில் வாழும் ஏழெட்டுப் பேர். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் கூடுகிறோம். 2015ஆம் ஆண்டு முதல் அந்நாள்கள் வங்கிகளுக்கு விடுமுறையானதால், வங்கியில் பணிபுரியும் எங்கள் நண்பர் ஒருவரை முன்னிட்டு அமைந்த ஏற்பாடு இது. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுக் கரூர் சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோம். கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், அல்லூர், ஜீயபுரம் என ஊர்கள் ஒவ்வொன்றாக விழித்தெழும். வலப்புறம் காவிரி, வழியெங்கும் வாழைத் தோட்டங்கள். ஏறக்குறைய 18 கிலோமீட்டர் சென்றால் முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகின்ற அவ்விடத்தில்தான் 1830களில் ஆர்தர் காட்டன் மேலணையை எழுப்பினார். 2018 ஆகஸ்டு மாத வெள்ளத்தில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும், பின்னர் அங்கே புதிய கதவணை எழுந்ததும் எங்கள் கண்முன் நடந்தவை. அவ்வணையருகே ஒரு தேநீர்க் கடை. அருந்திவிட்டுத் திரும்புவோம். எங்கள் ‘பயணம்’ இவ்வளவே.

எங்களுள் மூத்தவர் பொன்மலை இரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் எல்லாருக்கும் அவர் ‘அண்ணன்’. அடுத்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்து இங்கே பணியாற்றும் பள்ளி ஆசிரியை, அவர் ‘டீச்சர்’. இரவுப் பணி முடிந்த கையோடு வந்து சேரும் செவிலியர் ஒருவர், அச்சகம் நடத்துபவர் ஒருவர், மேற்சொன்ன வங்கி நண்பர், துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்த தம்பி. வயதிலும் வருவாயிலும் ஒருவருக்கொருவர் ஒப்பில்லாத கூட்டம் இது. மிதிவண்டி இல்லையேல் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கவே மாட்டோம்.

சாலையில் பேச்சு நடக்கும் முறையே தனி. வழி வெறிச்சோடி இருக்கையில் இருவர் இருவராகச் செல்வோம். பின்னால் லாரியின் ஒலி கேட்டதும் ஒற்றை வரிசையாவோம். லாரி போனபின் மீண்டும் இணையும்போது முன்பு பக்கத்தில் இருந்தவர் இருக்கமாட்டார், வேறொருவர் இருப்பார். பாதியில் நின்ற கதையை இவரிடம் தொடர முடியாது. இவருக்கென ஒரு புதுக்கதை உண்டு. இவ்வாறு ஒன்றரை மணி நேரத்தில் ஒவ்வொருவரும் எல்லாரோடும் சிறிது பேசிவிடுவோம்.

தொடக்கத்தில் வங்கி நண்பருக்கு இது போதவில்லை. இருபத்தொரு கியர் கொண்ட புதிய வண்டி அவருடையது. நெடுந்தொலைவு ஓட்டுவோர் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்னும் விதியையும், பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகருக்குச் சென்று திரும்பும் 1200 கிலோமீட்டர்ப் பயணத்தையும் அவர் ஆர்வத்தோடு எடுத்துரைப்பார். 1891இல் பந்தயமாகத் தொடங்கிய அப்பயணத்தை இன்று முடிக்க அளிக்கப்படும் மிகுதியான காலம் 90 மணி நேரம். “நாமும் கொஞ்சம் வேகம் கூட்டலாமே அண்ணே” என்றார் ஒருநாள். அண்ணன் சிரித்தார். “கூட்டலாம் தம்பி. அப்புறம் மூச்சு வாங்கத்தான் வாய் இருக்கும், பேச இருக்காது.”

அண்ணன் அறிந்தோ அறியாமலோ சொன்னது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல். உடற்பயிற்சியின்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது நடுத்தர உழைப்பு. சில சொற்களுக்குமேல் பேசவே முடியவில்லை என்றால் கடும் உழைப்பு என்பர். எங்கள் குழு அந்த முதல் நிலையைத் தன் சட்டமாகவே வைத்துக்கொண்டது. யாருக்குப் பேச்சு நின்று மூச்சு இரைக்கிறதோ, அவருடைய வேகமே அன்று எல்லாருடைய வேகம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் அண்ணனே விளக்கினார். பொன்மலைப் பணிமனை 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. அவர் பணியில் சேர்ந்த காலத்தில், மாலைச் சங்கு ஊதியதும் வாயிலிலிருந்து மிதிவண்டிகள் வெள்ளமாகப் புறப்படுமாம். அன்று அது பொழுதுபோக்கு அன்று. கேரியரில் சாப்பாட்டுத் தூக்கோடு செல்லும் தொழிலாளியின் வாகனம். ஆனால் அந்த அரைமணி நேரத்தில்தான் தங்கையின் திருமணக் கடனும், மேற்பார்வையாளரின் கெடுபிடியும், பிறக்கப்போகும் குழந்தையின் பெயரும் பேசப்பட்டன. “வேலைக் கோபத்தை வழியிலேயே கொட்டிட்டு வீட்டுக்குள்ள போவோம்” என்பார். மோட்டார் சைக்கிள் வந்தது, நேரம் மிச்சமாயிற்று, கொட்டுவதற்கு வழி இல்லாமற் போயிற்று.

டீச்சரின் நினைவு வேறு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெருந்துணையாக நின்றார். கல்லுடைக்கும் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளரும் திடல்களில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினர். அவர்களிடையே பள்ளிச் சிறுமியாக இவரும் பழகினார். கேலி பேசியவர்களைவிட, அக்காமார் கூட்டமாக ஓட்டிச்செல்கையில் எழுந்த சிரிப்பொலியே இவர் நெஞ்சில் நிற்கிறது. வீட்டிலும் வேலைத்தலத்திலும் ஒட்டுக்கேட்கும் காதுகள் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட சாலையில் அவை இல்லை என்பதை அப்பெண்கள் கண்டுகொண்டார்கள் என்று கூறுவார்.

உண்மைதான். வீட்டில் உண்ணும்போதும் அலுவலகத்தில் மேசைக்கு அப்பாலும் நாம் ஒருவரை ஒருவர் எதிரெதிரே பார்த்துப் பேசுகிறோம். கேட்பவரின் புருவம் உயர்வதைக் கண்டதும் பாதிச் சொல் தொண்டையில் நின்றுவிடும். மிதிவண்டியில் இருவர் கண்களும் சாலைமேல் இருக்கின்றன. சொல்பவர் முகத்தைக் கேட்பவர் பார்ப்பதில்லை. இடையே விழும் மௌனமும் உறுத்துவதில்லை. மேடு ஏறுகிறோம் என்று அதற்கொரு காரணம் உண்டு. அதனால்தான் அச்சக நண்பர், திருமண அழைப்பிதழ்கள் கைப்பேசிக்குப் போய்விட்டதால் பணியாளரைக் குறைக்க நேர்ந்ததை எங்களிடம் சொன்னார். செவிலியர், இரவில் இறந்த குழந்தையின் தாயிடம் தாம் சொன்ன சொற்கள் சரியா என்று கேட்டார். எல்லாம் தக்காளி விலைக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் நடுவே, அதே குரலில் வந்தவை. சிறு பேச்சு என்னும் தாழ்ந்த வாயில் வழியாகத்தான் பெரிய துயரங்கள் குனிந்து வெளியே வருகின்றன.

ஓர் ஆடி மாதம். மேற்கிலிருந்து வீசும் காற்று முகத்தில் அறைந்தது. அத்தகைய நாள்களில் போகும்போது பேச்சு குறையும். வரிசையாக ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒண்டிச் செல்வோம். பந்தய வேகத்தில் ஓட்டுவோருக்கு, முன்செல்பவர் காற்றைப் பிளப்பதால் பின்வருபவரின் உழைப்பில் கால் பங்கு வரை குறையும் என்பர். எங்கள் வேகத்தில் அவ்வளவு பயன் இல்லையெனினும், எதிர்க்காற்றில் அந்த முதுகின் அருமை தெரியும். அன்று வழியெல்லாம் வெல்டர் தம்பியே முன்னால் சென்றார். யாரையும் மாற விடவில்லை.

சனிக்கிழமையும் அவருக்கு வேலைநாள். வழக்கமாகத் தேநீரை அவசரமாக அருந்திவிட்டு முதல் ஆளாய்க் கிளம்புவார். அன்றோ இரண்டாவது தேநீர் கேட்டார். அண்ணன் அதைக் கவனித்தார், ஒன்றும் கேட்கவில்லை. திரும்புகையில் காற்று எங்களைப் பின்னிருந்து தள்ளிற்று. ஜீயபுரம் தாண்டியதும் அண்ணன் தம்மருகே வந்தவரிடம், பட்டறையில் இப்போது என்ன வேலை ஓடுகிறது என்று விசாரித்தார். “பட்டறையே ஓடலை அண்ணே. மூடி அஞ்சு வாரமாச்சு.” ஆணைகள் நின்றுபோய் முதலாளி கதவைச் சாத்திவிட்டார். இவரோ நாள்தோறும் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு புறப்பட்டு, வேலை தேடி அலைந்து, மாலையில் வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

“வீட்டுல தெரியுமா தம்பி?”

“இல்லண்ணே.”

அதன்பின் முத்தரசநல்லூர் வரை யாரும் பேசவில்லை. பின்னால் வந்த டீச்சர்தாம் மௌனத்தை உடைத்தார். “தம்பி, எங்ககிட்ட சொன்னதுல எங்களுக்கு நிறைவுதான். ஆனா உங்க வீட்டுக்காரம்மா கேக்கவேண்டியதை நாங்க முதல்ல கேட்டுட்டோம். அது முறையில்ல.” வங்கி நண்பருக்கு அது கடுமையாகப் பட்டது. மனம் விட்டுப் பேசியவரை உடனே கடிந்துகொள்ளலாமா என்று பிற்பாடு வாதிட்டார். எங்களுக்குள் அவ்விவாதம் வாரக்கணக்கில் நடந்தது. சாலையில் கொட்டிவிட்டால் நெஞ்சின் பாரம் குறைகிறது என்பது ஒரு கட்சி. பாரம் குறைந்துவிடுவதாலேயே வீட்டில் சொல்லவேண்டிய தேவையும் மறைந்துவிடுகிறது. அப்போது நண்பர் கூட்டம் இல்லத்துக்குத் துணையாகாமல் போட்டியாகிவிடும் என்பது டீச்சரின் கட்சி.

விடையைத் தந்தவர் அந்தத் தம்பியே. அன்றிரவே அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவருக்கோ மூன்று வாரங்களாகவே தெரியுமாம். துவைக்கும்போது சட்டையில் தீப்பொறி பட்ட புதிய பொத்தல் ஒன்றும் இல்லை, கரியும் இல்லை. அவராகச் சொல்லட்டும் என்று நாள்தோறும் சோறு கட்டிக் கொடுத்துக் காத்திருந்திருக்கிறார். ஒருவர் நோகக்கூடாதென்று மற்றவர் மறைக்க, ஒரே கூரையின்கீழ் இருவரும் தனித்தனியே அதே கவலையைச் சுமந்திருக்கின்றனர். “சாலையில ஒருதரம் சொல்லிப் பாத்ததாலதான் வீட்டுல வாய் வந்துச்சு” என்றார் தம்பி. இப்போது இரும்புக் கதவு செய்யும் சிறு கடையொன்றில் வேலை. ஊதியம் முன்னைவிடக் குறைவு. மனைவி வீட்டிலேயே தையல் எடுத்துச் செய்கிறார்.

டீச்சரும் வங்கி நண்பரும் சொன்னவை இரண்டுமே மெய் என்று இன்று உணர்கிறோம். நண்பரோடு பேசும் பேச்சு, வீட்டில் பேசவேண்டிய பேச்சுக்கு ஓர் ஒத்திகை. ஒத்திகையோடு நின்றுவிட்டால் நாடகம் அரங்கேறுவதில்லை. ஆகவே எங்களிடையே எழுதாத விதி ஒன்று ஏற்பட்டது: கனமான செய்தி எதையேனும் ஒருவர் சொன்னால், அறிவுரைக்கு முன் அண்ணனின் அதே கேள்வி எழும், “வீட்டுல தெரியுமா?” என்று. சொன்ன செய்தி எங்களைத் தாண்டி வேறெங்கும் போகாது என்பது அதன் மறுபாதி.

மிதிவண்டி எல்லாருக்கும் வாய்க்காது, வேண்டியதும் இல்லை. எதிரெதிரே அமராமல் அருகருகே இருக்கும் வேளை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஒருவர் பாத்திரம் துலக்க மற்றவர் துடைத்து வைக்கலாம், கீரை ஆயலாம், கடைத்தெரு வரை சேர்ந்து நடக்கலாம். அப்போது தொலைக்காட்சி வேண்டா, அவசரமும் வேண்டா. பேச்சு கீரையின் விலையில் தொடங்கட்டும். அது எங்கே போய்ச் சேரும் என்பதை முன்கூட்டியே அறிய இயலாது. அது போய்ச் சேரும் வரை உடன்செல்ல நேரம் ஒதுக்குவது மட்டுமே நம் கையில் இருக்கிறது.