அத்தை ஆக்கிய மொய்ங்கா

திருச்சியிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு எங்கள் பாடாலூரைத் தெரிந்திருக்கும். பெரம்பலூர் வருவதற்கு முன்னால் வரும் ஊர். குன்றின் மேல் ஆஞ்சநேயர் கோயில். சுற்றிலும் சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். இந்த ஊருக்கும் ரங்கூனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், என் மாமியார்தான் சம்பந்தம்.

அத்தை பிறந்தது ரங்கூனில். அவர் அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964 மார்ச்சில் கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், பெட்டியில் இருந்த பணமும் காகிதமானால் மனிதர் என்ன செய்வார்? ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களைப் போல இவர்களும் கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அத்தைக்கு அப்போது பதினாலு வயது.

உறவுக்காரர்கள் பார்த்துப் பேசி, பாடாலூரில் கட்டிக்கொடுத்தார்கள். வந்த வாரமே அத்தை கருவாட்டை இடித்துப் பர்மாக் குழம்பு வைத்திருக்கிறார். அவருடைய மாமியார் சட்டியோடு தூக்கி வாசலில் வைத்து, "இந்த நாத்தமெல்லாம் கப்பலோட போகட்டும்" என்றாராம். அன்றைக்கு மூடிய வாய். பர்மாவைப் பற்றி யாராவது கேட்டால், "அது கெடக்கு, விடுங்க" என்று எழுந்து போய்விடுவார்.

இனி நான் சொல்லப்போவது என் கதை. பெருமைப்படும்படியான கதை இல்லை.

1993-ல் எனக்கு மசக்கை. பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. பெரியவர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு நாள், அத்தை கதவைச் சாத்திக்கொண்டு எதையோ ஆக்கி, ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார். மீன் சாறு, அதில் இடியாப்பம், மேலே வறுத்த வெங்காயம். "இதைக் குடிம்மா, வாய்க்கு நல்லாருக்கும். எங்கம்மா எனக்குக் குடுப்பாங்க" என்றார். எனக்கோ அந்த வாடையே குமட்டியது. அவர் வயலுக்குப் போனதும் கொல்லையில் வாழையடியில் கொட்டிவிட்டேன். சாயங்காலம், "சாப்டியா?" என்று கேட்டார். "சாப்பிட்டேன் அத்தை" என்றேன். அதற்கப்புறம் அவர் அதைச் செய்யவே இல்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு என் மகள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். சென்னையில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் லீவுக்கு வந்தபோது, "அப்பாயி, பீச் ஸ்டேஷன் பக்கத்துல அத்தோன்னு ஒண்ணு விக்கிறாங்க, உங்க பர்மாச் சாப்பாடுதானாமே!" என்றாள். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "கையால பிசைஞ்சானா, கரண்டியாலயா?" "கையாலதான்." "வாழத்தண்டு சூப்பு குடுத்தானா?" "குடுத்தான் அப்பாயி." "அப்ப சரி" என்றார். அன்று ராத்திரி வெகுநேரம் பேத்தியோடு பேசிக்கொண்டிருந்தார். அத்தோ என்றால் பர்மாக்காரர்கள் பேச்சில் பிசைந்தது என்று அர்த்தமாம். அப்படி வந்திறங்கியவர்களுக்காக 1969-ல் உண்டானதுதான் சென்னையின் பர்மா பஜார். அந்தப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில்தான் இந்த அத்தோ ஊரறிந்த பலகாரமாயிற்று.

மகள் இன்னொன்றும் சொன்னாள். பட்டணத்தில் இப்போது 'சப்பர் கிளப்' என்று நடக்கிறதாம். முன்பின் தெரியாதவர்கள் ஒரு வீட்டில் கூடி, அந்த வீட்டுக்காரர்கள் பிழைக்கப் போன தேசத்துச் சாப்பாட்டைக் காசு கொடுத்துச் சாப்பிட்டு, கதையும் கேட்டுவிட்டு வருவார்களாம். அத்தைக்கு ஒரே திகைப்பு. "சோத்துக்குக் காசா? வீட்டுக்கு வந்தவங்ககிட்டயா?" என்றார். காசு வேண்டாம், நம் ஊர்க் கூட்டாஞ்சோறாகவே வைத்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. பௌர்ணமியன்று, எங்கள் மொட்டைமாடியில்.

அத்தை செய்தது மொய்ங்கா. நான் கூடவே நின்று கற்றுக்கொண்டேன். கெளுத்தி மீனை மஞ்சள்தூளும் எலுமிச்சைப் புல்லும் போட்டு வேகவைத்து, முள்ளெல்லாம் எடுத்து உதிர்த்துக்கொள்ள வேண்டும். (குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு தடவை விரலால் தடவிப் பாருங்கள். கெளுத்தி முள் பொல்லாதது.) சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகாயை அரைத்து எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கி, மீனைப் போட்டுப் பிரட்டி, வேகவைத்த தண்ணீரையே வடிகட்டி ஊற்றி, மெல்லியதாக அரிந்த வாழைத்தண்டைப் போட வேண்டும். வறுத்த அரிசி மாவும் கடலை மாவும் கரைத்து விட்டால் சாறு கெட்டிப்படும். பிறகு சின்னத் தீயில் கொதிக்கவிட வேண்டியதுதான். பர்மாவில் ஙப்பி என்று மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்த விழுது போடுவார்கள். நமக்கு அதற்குப் பதில் சுட்டு இடித்த கருவாடு. அங்கே அரிசி நூடுல்ஸ், இங்கே இடியாப்பம். கருவாட்டிலேயே உப்பு உண்டு. ரத்தக்கொதிப்புக்காரர்கள் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுவது நல்லது. பரிமாறும்போது அவித்த முட்டை, எலுமிச்சம்பழம், நொறுக்கிய பருப்பு வடை.

"இடியாப்பம் போட்டா அது பர்மா மொய்ங்காவா அத்தை?" என்று கேட்டேன். "நான் மட்டும் பர்மாக்காரியாவா இருக்கேன்?" என்றார்.

அன்றைக்கு மாடியில் பதினோரு பெண்கள், குழந்தைகள் தனி. இலங்கை மலைநாட்டில் ஹட்டனில் பிறந்த அக்கா தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்தார். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று எழுதினார்களே, அப்படி வந்த குடும்பம் அவர்களுடையது. அவருடைய தாத்தாவின் தாத்தா இந்தத் திருச்சி ஜில்லாவிலிருந்துதான் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவராம். "போனப்பவும் எங்களை யாரும் கேக்கல, வந்தப்பவும் கேக்கல" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த தெருப் பெண்ணின் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். அவள் காய்ந்த கறுப்பு எலுமிச்சை போட்டு மச்பூஸ் என்று ஒரு கோழிச் சோறு செய்திருந்தாள். வாசனை பிரமாதம். அவர் ஊருக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. வீடியோவில் சட்டியைக் காட்டினாளாம், கண் கலங்கிவிட்டாராம்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு, பாத்திரம் ஒழித்துக்கொண்டே நான் அந்தக் கிண்ணத்துக் கதையைச் சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் தொண்டையில் இருந்தது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும்மா" என்றார் அத்தை. "காலையில பாத்திரம் கழுவப் போனப்ப வாழையடியில முட்டை கெடந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே அத்தை?"

"கேட்டு என்ன பண்றது? உனக்கே வாந்தி. எனக்குந்தான் மனசு விட்டுப்போச்சு. ஆனா அந்த வருஷம் தாரு நல்லா வந்துச்சு." வழித்த சட்டியை என்னிடம் நீட்டினார். "இன்னிக்குப் போட்ட தண்டும் அந்தக் குருத்துவழி மரந்தான். அடுத்த பௌர்ணமிக்குத் தேங்காப்பால் ஊத்தி கௌஸ்வே பண்ணலாம். நாலு தேங்கா சொல்லி வை."