ஆயிரம் சொல் பாடமாக்கினால் போதுமா?

பட்டம் முடித்துவிட்டு வெளிநாட்டில் முதுமாணியோ கலாநிதியோ செய்ய நினைக்கும் எங்கள் பிள்ளைகள் கணிதத்துக்குப் பயப்படுவதில்லை. ஜி.ஆர்.ஈ. பரீட்சை என்றதும் அவர்களைப் பின்வாங்க வைப்பது ஆங்கிலச் சொற்கள்தான். தமிழ் மொழிமூலம் படித்து வந்த எங்களுக்கு அந்தப் பயம் நன்றாகவே தெரியும்.

சொல்லையும் அர்த்தத்தையும் வரிசையாகப் பாடமாக்குவது பழைய வழி. எதிர்ச்சொல் கேட்கும் வினாக்களை 2011இலேயே எடுத்துவிட்டார்கள். இன்று இருப்பது வசனத்தில் இடைவெளி நிரப்புவதும், பந்தியை வாசித்து விளங்குவதும்தான். ஒரு வகை வினாவில் ஆறு சொற்கள் தருவார்கள். வசனத்துக்கு ஒரே கருத்தைத் தரும் இரண்டைத் தெரிய வேண்டும். ஒன்று பிழைத்தாலும் புள்ளி இல்லை.

"வழமையாக வாய் மூடாமல் பேசும் அவர், அன்று மட்டும் ______ இருந்தார்." இதை உம்மாவிடம் கேட்டாலும் "பேசாம" என்று சொல்லிவிடுவா. பரீட்சையிலும் அதையேதான் செய்ய வேண்டும். விடைகளைப் பார்க்கமுன் இடைவெளிக்கு எங்கள் தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பார்ப்போம். பிறகு 'டாசிடர்ன்', 'ரெட்டிசன்ட்' இரண்டும் தாமாகவே கண்ணில் படும்.

தெரிந்த சொற்களிலும் கவனம் வேண்டும். 'ஃபிளாக்' கொடி மட்டுமல்ல, தளர்ந்து போவதும்தான். 'சாங்ஷன்' அனுமதியையும் குறிக்கும், தடையையும் குறிக்கும். எது என்று வசனம்தான் சொல்லும். ஆகவே கொப்பியில் சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வசனத்தோடு எழுதுங்கள்.

கிதாப், காதிப், மக்தப் மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆங்கிலத்திலும் அப்படியே. பேசுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தவைதான் 'லொக்வேஷஸ்' என்ற வாயாடியும், 'எலொக்வன்ட்' என்ற சொல்வன்மையும். வேர் தெரிந்தால் பாதிச் சுமை குறையும். ஆனால் அது ஊகத்துக்கு மட்டும்தான், முடிவு வசனத்தில் இருக்கிறது.

ஹிப்ழு செய்யும் பிள்ளை பழைய பாடத்தை ஓதிக்காட்டாமல் புதியதுக்குப் போவதில்லை. இங்கும் அந்த ஒழுங்குதான். நாளுக்குப் பத்துச் சொல் போதும். அதை மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு கிழமை கழித்தும் திரும்பப் பாருங்கள். இருவர் சேர்ந்து மாறி மாறிக் கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

பரீட்சைக் கட்டணம் டொலரில் என்பதால் அவசரப்பட்டு விண்ணப்பிக்க வேண்டாம். அமெரிக்காவில் பல பட்டப்பின்படிப்புகளுக்கு இப்போது இந்தப் பரீட்சை கட்டாயமில்லை. போக நினைக்கும் துறை அதைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். பெறும் புள்ளி ஐந்து வருடங்களுக்குச் செல்லுபடியாகும்.

"எனக்கு இங்கிலிஷ் வராது" என்று விண்ணப்பத்தை மூடி வைத்திருக்கும் ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இதைக் காட்டுங்கள்.