“கர்னலோடது, விடும்மா”

எங்கள் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வர்கள் எட்டு வருடமாக என் பொறுப்பு. அந்த எட்டு வருடத்தை நம்பிக் கேள்வி கேட்ட ஒரு பெண்ணிடம் நான் பொய் சொன்னேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் காலை ‘டாப்’ ஓடிய திரையைக் காட்டி, “அண்ணா, இது ஒண்ணே சிபியு 390 சதவீதம் எடுக்குது. என்ன ப்ராசஸ் இது?” என்றாள். நாலு கோர் மெஷின் அது. பெயர் ‘கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ’. எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “கர்னலோடது, விடும்மா” என்றேன்.

அவள் போனதும் ‘கில்’ கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் திரும்ப வந்தது. மறுபடி கில், மறுபடி வந்தது. யார் அதை எழுப்புகிறார்கள் என்று தேடாமல் ஐந்து நாள் இப்படியே ஓட்டினேன்.

தடயங்கள் முதல் நாளே கண்முன் இருந்தன. கர்னலில் ‘கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்’ என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. ‘பிஎஸ்’ பட்டியலில் கர்னல் த்ரெட்கள் சதுர அடைப்புக்குள் வரும், ரூட் பெயரில் ஓடும், தாய் ப்ராசஸின் எண் 2 என்று காட்டும். இதற்கோ கடைசியில் ஒரு ‘ஐ’ கூடுதல். அடைப்பு இல்லை. யூசர் இடத்தில் எங்கள் டேட்டாபேஸான ‘ரெடிஸ்’ பெயர் இருந்தது. ஐந்தாம் நாள்தான் ‘ப்ராக்’ கோப்புறையில் அதன் எண்ணுக்குள் போய் ‘எக்ஸ்இ’ எதைச் சுட்டுகிறது என்று பார்த்தேன். ‘டெம்ப்’ கோப்புறையில் இருந்த ஒரு கோப்பைச் சுட்டியது. கர்னல் த்ரெட்டுக்குப் பின்னால் அப்படியொரு கோப்பே இருக்காது. அதற்குக் காவலாக ‘கின்சிங்’ என்று இன்னொன்று ஓடியது. ரெடிஸ் யூசரின் க்ரான்டேபில் ஐந்து நட்சத்திரங்களோடு ஒரு வரி: நிமிடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஸ்கிரிப்ட்டை இறக்கி ஓட்டச் சொல்லும் வரி. எங்கள் சர்வரில் யாரோ மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்து வைத்தவன் நான். ஒரு சோதனைக்காக ரெடிஸின் புரொடெக்டட் மோடை அணைத்து, 6379 போர்ட்டை பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்துக்குத் திறந்துவிட்டு, மூட மறந்திருந்தேன்.

இது தெரிந்ததும் பயந்துபோனேன். அன்று இரவே டிஸ்க்கை அழித்து எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டால் செய்தேன். இப்படி மாட்டிய மெஷினைப் புதிதாக நிறுவத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் டிஸ்க்கின் நகலையும் லாக்குகளையும் எடுத்து வைக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. மேனேஜரிடம் “டிஸ்க் பிரச்சினை, சரி பண்ணிட்டேன்” என்றேன்.

பத்து நாள் கழித்து அவளுடைய நோட்டைப் பார்க்க நேர்ந்தது. தான் கற்றதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அதில் ஒரு வரி: ‘கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ – கர்னல் ப்ராசஸ், விட்டுவிடலாம்.’ என் பொய்யைப் பாடமாக எழுதியிருந்தாள். அடுத்த சர்வரில் இதையே பார்த்திருந்தால் கடந்து போயிருப்பாள்.

அன்றே மேனேஜர் அறையில் அவளையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் அந்த வரியை அடித்தாள். மேனேஜர் ஒன்றுதான் கேட்டார்: “அந்த ரெடிஸ்ல கஸ்டமர் போன் நம்பர் எல்லாம் இருந்ததே, எதுவும் வெளிய போயிருக்கா?”

என்னிடம் பதில் இல்லை. பதில் இருந்திருக்கக்கூடிய லாக்குகளை அழித்தவன் நான்.